கொட்டாம்பட்டியில் ஒரு மதியச் சோறு

கோவையில் காலை பத்தரைக்குப் பிடித்த அரசுப் பேருந்து மாலை நாலரைக்கு என்னை ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டது. வழியில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒத்திகை. மறுநாள் நானும் நோன்பு வைப்பதாக முடிவு செய்திருந்தேன். ஒட்டன்சத்திரத்தில் பேருந்து நின்றபோது நடத்துநர் டீ குடிக்கக் கூப்பிட்டார். வேண்டாம் என்று தலையாட்டியதில் எனக்கு ஏற்பட்ட பெருமையை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள்.

மதுரைக்கு வந்ததற்குக் காரணம் கீழக்குயில்குடி. அங்கே சமணர் மலையில் பாறையைக் குடைந்து செய்த படுக்கைகளைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அறைத் தோழன் அன்வருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. "போறது போற, எங்க வீட்டுல தங்கு. ரமலான் மாசம், நீ பாத்ததில்லயில்ல. ஒன்னு, மதியம் வெளிய சாப்பிடாத. வீட்டுலயே சாப்பிடு" என்றான். விருந்தோம்பல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய், கோரிப்பாளையம். பாலத்தைத் தாண்டி இரண்டு திருப்பம் உள்ளே போனால் அன்வர் வீடு. வாசலில் அவனுடைய அப்பாவின் குட்டியானைச் சரக்கு வண்டி சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. காதர் அத்தா கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக் கடைகளுக்குத் தேங்காய் ஏற்றுகிறவர். அன்வர் கூப்பிடுவதுபோல நானும் அத்தா என்றே கூப்பிட்டேன். அவர் என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நேரமாகிறது என்று உடனே பள்ளிவாசலுக்கு அழைத்துப் போனார்.

மாலை ஆறேகால். தெருமுனைப் பள்ளிவாசலின் முற்றத்தில் நீளநீளமாகப் பாய் விரித்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு கிண்ணம், இரண்டு பேரீச்சம்பழம், ஒரு வடை. அடுப்பிலிருந்து இறக்கிய அண்டாவில் நோன்புக் கஞ்சி. அரிசியும் பாசிப்பருப்பும் கொத்துக்கறியும் குழைந்து, வெந்தயமும் பூண்டும் மணக்க, ஆவி முகத்தில் அடித்தது. தெருப் பெண்கள் தூக்குவாளியோடு வந்து வாங்கிப் போனார்கள். அவர்களில் பூவும் பொட்டும் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

என்னை வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்த இபுராகிம் பாய், எதிர்வீட்டுக்காரர், கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணி குடித்தவருக்கு எங்கள் கஞ்சி இறங்குமா என்று கேலி செய்தார். காதர் அத்தா மட்டும் உட்காரவில்லை. கரண்டியோடு அண்டா பக்கமே நின்றார். பாங்கு ஒலித்தது. நோன்பு திறக்கலாம் என்ற அந்த அழைப்பைக் கேட்டதும் முற்றம் முழுக்க எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோயின. அப்படி ஒரு காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. அத்தா அப்போதும் யாருக்கோ கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் அவரு கையிலேருந்து கரண்டிய வாங்க முடியல தம்பி. உக்காருயான்னா உக்கார மாட்டேங்குறாரு. நன்மையெல்லாம் ஒத்தையாளா அள்ளிக்கிட்டுப் போகப் பாக்குறாரு" என்றார் இபுராகிம் பாய். அத்தா சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படியும் ஒரு தொண்டா என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

எனக்கு மறுநாள்தான் தெரிந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். காதர் அத்தாவுக்குச் சர்க்கரை. ஊசி போடும் நிலைக்கு வந்துவிட்டது. இந்த வருடம் நோன்பு வைக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பத்து வயதிலிருந்து விடாமல் வைத்தவர். தெருவில் ஒருவருக்கும் அவர் இதைச் சொல்லவில்லை. கோரிப்பாளையத்தில் அவர் வீட்டில் மட்டும் தெரியும். நோன்பாளிகளோடு உட்கார்ந்தால் நோன்பு திறக்க வேண்டும். கரண்டி பிடித்தவரை யாரும் கேட்கப் போவதில்லை.

அன்று இரவு அன்வரின் அம்மா, காலையில் டிபன் எத்தனை மணிக்கு வேண்டும், மதியத்துக்கு என்ன ஆக்கட்டும், மீனா கறியா என்று கேட்டார். மதியத்துக்குப் பெரிய பட்டியலே வைத்திருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இல்லம்மா, நாளைக்கு நானும் நோன்பு" என்றேன்.

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அது மலரவில்லை.

"நோன்பா? நீங்களா? ஒங்களுக்கு எதுக்குத் தம்பி இந்தக் கஷ்டம்?" என்றார். திரும்பி அத்தாவைப் பார்த்தார். அத்தா, "ஆசப்படுறாரு, வைக்கட்டும்" என்றார்.

விருந்தாளிக்கு என்று உலை வைத்தால், அவருக்குத் துணையாக என்று அத்தாவையும் பகல் வெளிச்சத்தில் சொந்த வீட்டில் உட்கார வைத்துவிடலாம் என்று அந்த அம்மா கணக்குப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்கு மணம் போனால்கூட, கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு ஆக்குகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மதியம் வீட்டிலேயே சாப்பிடச் சொல்லி அன்வர் அனுப்பியதும் இதற்குத்தான். நான் அந்தக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்தோம். நோன்பு இல்லாத அத்தாவும் அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். ஏழு மணிக்கு அத்தா வண்டியைக் கிளப்ப, கீழக்குயில்குடியை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டேன். அம்மா ஒரு டிபன் கேரியரைக் கொண்டுவந்து இருக்கைக்குப் பின்னால் வைத்தார். பழக்கமில்லாத பிள்ளை, தாங்காவிட்டால் சாப்பிடட்டும் என்றார். அத்தா தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அந்தக் கேரியரை எடுத்து வாசல் மாடத்தில் வைத்துவிட்டேன். பட்டினி கிடப்பவன் அருகில் சோறு இருக்கக்கூடாதாம். எங்கோ படித்திருந்தேன்.

கொட்டாம்பட்டி, திருச்சி நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஒத்தக்கடையில் யானைமலை படுத்திருக்கிறது. மேலூர் தாண்டியதும் வயல்கள், இடையிடையே தென்னந்தோப்பு, கிரானைட் தூசி படிந்த லாரிகள். அத்தா நன்றாகப் பேசினார். அன்வர் சின்ன வயதில் அரை நோன்பு வைப்பானாம். மதியம் ஒருதரம் திறந்துவிட்டு, சாயங்காலம் இன்னொருதரம் வரிசையில் வந்து திறப்பானாம். இரண்டு அரை நோன்பைச் சேர்த்து ஒன்றாகக் கணக்கு வைக்கச் சொல்வானாம்.

ஒன்பது மணிக்குத் தேங்காய்க் களத்தை அடைந்தோம். களத்துக்காரர் செல்வம், நாற்பது வயது, வெற்றிலை வாய். ஆட்கள் காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உற்சாகமாகக் காய் எண்ணினேன், மூட்டை பிடித்தேன், படம் எடுத்தேன். பத்தரை மணி வாக்கில் அத்தா வண்டிக்குப் போய், கதவைத் திறந்து, இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுவதைப் பார்த்தேன். அங்கிருந்தே குரல் கொடுத்தேன், கேரியரை நான்தான் வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று.

அவர் கையை வெளியே எடுத்துக் கதவைச் சாத்தினார். "நல்லதுதான் தம்பி" என்றார்.

ரோட்டோரம் நாலு கடை இருந்தது. அத்தா போகவில்லை. தன் மார்க்கத்துக்காகப் பட்டினி கிடக்கும் அசலூர்ப் பிள்ளைக்கு எதிரே எப்படிச் சாப்பிடுவது? மறுபடி வந்து காய் ஏற்றினார். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வெயிலில் எனக்கும்தான் வியர்த்தது. பிறகு என்னை அன்வர் என்று கூப்பிட்டார். திருத்தினேன். மறுபடியும் அன்வர் என்றார். கையிலிருந்து ஒரு காய் நழுவி உருண்டது. இந்த வயதில் நோன்போடு இவ்வளவு உழைக்கிறாரே என்று நான் வியந்துகொண்டிருந்த அதே நேரத்தில், செல்வம் ஓடிவந்து அவரைத் தாங்கிக் காய்க்குவியலில் சாய்த்தார்.

"பாய், சோறு எங்க? சாப்புட்டீகளா?" என்று கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சோத்த எங்கப்பா? தெனம் பத்து மணிக்கு இங்கதான சாப்புடுவாரு. விடியக்காலம் ஊசியப் போட்டுட்டு வாராரு. வயித்துல ஒன்னும் போடாம இருந்தா ஆளே கெடையாது, தெரியுமா ஒனக்கு?"

செல்வம் டீக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, அத்தாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். கால் மணி நேரம் ஆனது, அவர் கண் என்னை நான் என்று அடையாளம் காண. செல்வம் தன் தூக்குச் சட்டியைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை நீட்டினார். அத்தா அதை வாங்கிக்கொண்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நானும் சாப்பிடுகிறேன், சேர்ந்தே சாப்பிடுவோம் என்று பக்கத்தில் போனேன்.

"வேணாம் தம்பி. ஒங்களுக்கு ஒடம்புல ஒன்னும் இல்ல. பிடிச்ச நோன்ப விடாதீக" என்றார், திரும்பாமலே.

காய்க்குவியலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எட்டிப் பார்க்கவில்லை.

வண்டி திரும்பியபோது மணி ஒன்று. மேலூர் தாண்டினோம். அப்புறம் அவராகவே சொன்னார். மேலூர்ப் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டாராம். நோயாளிக்குக் கடமை இல்லை, விட்ட நோன்புக்குப் பதிலாக ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்றாராம். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"மார்க்கம் என்னய விட்டுருச்சு தம்பி. எனக்குத்தான் விட மனசு வரல."

தெருவில் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்களே என்றேன்.

"நெனைக்க மாட்டாய்ங்க. பரவாயில்ல காதரும்பாய்ங்க. அந்தப் பரவாயில்லயத்தான் தாங்க முடியாது."

அன்று மாலை வரிசையில் உட்கார்ந்து நோன்பு திறந்தேன். இபுராகிம் பாய் என் முதுகில் தட்டி, முதல் நோன்பே முழு நோன்பு என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் அறிவித்தார். என் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றியவர் அத்தாதான்.

மூன்றாம் நாள் நோன்பு வைக்கவில்லை. மதியம் வந்துவிடுகிறேன், அத்தாவும் நானும் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கீழக்குயில்குடிக்குப் போனேன். மதுரைக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டர். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், மேலே ஏறினால் அந்தப் படுக்கைகள். கையால் தடவிப் பார்த்தேன். சூடாக இருந்தது. எத்தனை நாள் பட்டினி கிடந்த சமணத் துறவிகள் இதில் படுத்திருப்பார்கள் என்று வேறொரு நாளாக இருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மீன் குழம்பு மணந்தது. இலை ஒன்றுதான் போட்டிருந்தது. அத்தா கொட்டாம்பட்டிக்குப் போய்விட்டார், லோடு இல்லாத நாளில். முந்தின நாள் அவர் சாய்ந்ததை நான் பார்த்துவிட்டேன் அல்லவா. இனி என் எதிரில் சாப்பிடுவது அவருக்கு இன்னும் கஷ்டம். "எம்புட்டோ சொன்னேன். கேரியரத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு" என்றார் அம்மா. அதற்கு மேல் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

இரவு ஏழரைக்குப் பேருந்து. ஆறு மணிக்குப் பையோடு பள்ளிவாசலுக்குப் போனேன், அத்தாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப. இபுராகிம் பாய் பாயில் நகர்ந்து இடம் விட்டு என்னைக் கூப்பிட்டார். "இன்னைக்கு நான் நோன்பு இல்ல பாய்" என்றேன். அதனால் என்ன, வந்து உட்காருங்கள் என்றார். என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தச் சொல். அண்டா பக்கம் திரும்பினேன். அத்தா கேட்டிருக்கிறார். கரண்டி அண்டாவுக்குள்ளேயே நின்றிருந்தது.

போய்ப் பக்கத்தில் நின்றேன். பாங்குக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. கரண்டியை என்னிடம் கொடுங்கள், நான் ஊற்றுகிறேன், நீங்கள் இன்று ஒருநாள் வரிசையில் உட்காருங்கள் என்று மெதுவாகக் கேட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், வழக்கம்போல.

அவர் வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"உக்காந்தா தெறக்கணுமே தம்பி. நான் என்னத்தத் தெறக்குறது?"

பாங்கு ஒலித்தது. அவர் ஒரு கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி என் கையில் கொடுத்தார், சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், பஸ் போய்விடும் என்றார். நின்றபடியே குடித்தேன். அவர் குடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா சஷ்டி விரதம் இருப்பார். மூட்டுவலி மாத்திரைக்காக அதை விட்ட அன்று அடுப்படியில் நின்று இரண்டு இட்லி சாப்பிட்டார், அவ்வளவுதான். அது அவருக்கும் முருகனுக்கும் நடுவில் இருந்த விஷயம். கோரிப்பாளையத்தில் அந்த ஒரு நொடிக்கு ஒரு தெருவே சேர்ந்து கையை வாய்க்குக் கொண்டுபோகிறது. அதில் ஒரு கை மட்டும் கீழே இருந்தால், அந்தக் கைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல் தாண்டும்வரை தூக்கம் வரவில்லை. மூன்று நாளில் நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அந்த வீட்டில் முதல் நாள் இரவு, மீனா கறியா என்று கேட்ட அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நாளைக்கு மதியம் எனக்குச் சோறு வேணும்மா, தனியாச் சாப்பிட்டுப் பழக்கமில்ல.