மெழுகின தரையும் அல்சேஷன் குட்டியும்

வாணியம்பாடி பாய் அதை லாரியிலிருந்து இறக்கியபோது நாய்க்குட்டி என்றே எனக்குத் தோன்றவில்லை. பால் மறக்காத குட்டிக்கு அவ்வளவு பெரிய பாதமா! அல்சேஷன் ஜாதி. தோல் பதனிடுவதற்குக் கடுக்காய் வாங்க ஜவ்வாது மலைக்கு லாரி எடுத்து வருகிறவர் பாய். வந்தால் எங்கள் வீட்டில்தான் டீ. "வாத்தியார் பள்ளிக்கூடம் போய்ட்டா நீ ஒண்டியா கீறியேம்மா, தொணைக்கு வச்சிக்கோ" என்று குட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். எழுபதுகளின் கடைசி அது. கல்யாணமாகிப் போளூரிலிருந்து மலையேறி வந்த புதிது. பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் அடுப்போடும் அம்மியோடும் பேசிக்கொண்டிருந்தவள் நான். குட்டி வந்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

நாங்கள் குடியிருந்த வீடு ஒரு மலைக்காரக் குடும்பத்துடையது. வீட்டுக்கார அக்கா பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். எல்லாவற்றையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்தவள், முன்னறையில் ஒரு மூலையை மட்டும் விடவில்லை. அது அவர்கள் சாமி மூலை. அறுப்பு முடிந்து புதுச் சாமை வந்தால், முதல் சோற்றை அந்த மூலையில்தான் படைப்பார்கள்.

குட்டியைப் பழக்குவதில் நான் கெட்டிக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். தின்றதும், தூங்கி எழுந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடுவேன். எருக்குழி ஓரத்தில் இறக்கிவிட்டு, "போ, வெளிக்குப் போ" என்பேன். போனால் ஒரு விள்ளல் கேழ்வரகுக் களி. சீக்கிரமே பிடித்துக்கொண்டது. "உங்க பள்ளிக்கூடத்துப் பசங்களைவிட என் குட்டிக்கு மூளை ஜாஸ்தி" என்று என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

கண் பட்டுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பச்சைச் சாணம் கரைத்து முன்னறையை மெழுகிவிட்டு எழுந்தேன். ஈரம்கூடக் காயவில்லை, குட்டி நட்ட நடு அறையில் உட்கார்ந்து குளம் கட்டிவிட்டது. சரி, குழந்தைதானே என்று துடைத்துவிட்டு, நாற்றம் போகட்டும் என்று அந்த இடத்தில் மறுபடி சாணம் போட்டு மெழுகினேன். மறுபடியும் அங்கேயே போனது. நான் மெழுக மெழுக அது போனது, அது போகப் போக நான் மெழுகினேன். திட்டினேன். துடைப்பத்தை ஓங்கிக்கூடப் பார்த்தேன். அதுவோ வாலை ஆட்டிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. சொரணை கெட்டது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் ஒருநாள் சாமி மூலையிலேயே போய்விட்டது. வீட்டுக்கார அக்கா அந்த நேரம் பார்த்தா உள்ளே வரவேண்டும்?

"இன்னாமே இது! சாமி மூலையில உட்டு வச்சிக்கீது! கன்னுக்குட்டி கணக்கா வளந்து நிக்குது, புத்தி வாணாம்? புதுச் சாமை படைக்கிற அன்னிக்கு இது இங்க இருக்கக்கூடாது, சொல்ட்டேன். இது இருந்தா நீங்க வேற வூடு பாத்துக்குங்க."

மலையில் வேறு வீடு எங்கே இருக்கிறது? "அவங்க சொல்றதுல தப்பு இல்லியே. பாய் அடுத்த லோடுக்கு வரும்போது அனுப்பிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர், சாதாரணமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவருக்கு வெறும் மோரும் சோறும்தான்.

விடிந்ததும் அழுத கண்ணோடு வாசலுக்குச் சாணி தெளித்தேன். குட்டி சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. வழக்கமாக அது எழுந்து வருவதற்குள் வாசல் காய்ந்துவிடும், அங்கே அது ஒருநாளும் போனதில்லை. தெளித்த இடத்தை மோந்து பார்த்தது, அங்கேயே உட்கார்ந்து போனது, பிறகு களிக்காக என் கையைப் பார்த்தது.

அடிப்பாவி! அப்போதுதான் எனக்கு உறைத்தது. எருக்குழி ஓரத்தில் விட்டு விட்டுப் பழக்கியது யார்? சாணம் எங்கே மணக்கிறதோ அங்கே போகவேண்டும் என்றுதானே அது பாடம் படித்திருக்கிறது. அறை முழுக்கச் சாணத்தைப் பூசிவிட்டு, போகாதே என்று துடைப்பத்தைத் தூக்கியிருக்கிறேன்! குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

அன்றே இடத்தை மாற்றினேன். எருக்குழி வேண்டாம், புளியமரத்தடி. முன்னறையை வெந்நீரும் புளிக்கரைசலும் தெளித்துத் துடைத்து, சாணமே காட்டாமல் விட்டேன்.

"வெள்ளிக்கெழம மெழுவாத வூடு வெளங்குமாமே?" என்று வந்தாள் அக்கா. காரணத்தைச் சொன்னேன்.

"நாயி சாணிய மோந்து பாடம் படிச்சிச்சா? நல்லாக் கீது கத! படைக்கிற அன்னிக்கு நானே மெழுவுறேன். இன்னா பண்ணுதுன்னு பாத்துக்கலாம்."

அதுதான் என் பயமே. கொல்லைப்புறத்தில் கையகலத்துக்குச் சாணம் மெழுகி வைத்து, குட்டி மூக்கைக் கொண்டுபோகும்போதெல்லாம் "ஊஹும், புளியமரம்" என்று இழுத்துக்கொண்டு போனேன். சில நாள் கேட்டது. சில நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அங்கேயே போனது.

படையல் அன்று அக்கா சொன்னபடியே வந்து மெழுகினாள். புதுச் சாமைச் சோற்று வாசனை ஊரைத் தூக்கியது. அன்றைக்கென்று பாயின் லாரியும் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் சொல்லியனுப்பியிருந்தபடி, கையில் கயிற்றோடு வாசலில் நின்றார் பாய். குட்டியைச் சமையற்கட்டில் கட்டிவைத்திருந்தேன். பாயின் குரல் கேட்டதோ இல்லையோ, கட்டை அறுத்துக்கொண்டு முன்னறைக்குள் பாய்ந்துவிட்டது.

தரை இன்னும் ஈரம். குட்டி நின்றது. மோந்தது. ஒரு சுற்று சுற்றியது, இடுப்பு லேசாகத் தாழ்ந்தது. அக்கா கையில் சோற்றுச் சட்டியோடு அசையாமல் நின்றாள். புளியமரம் என்று கத்தக்கூட அவகாசமில்லை. இனி அது எனக்கில்லை என்றே முடிவுகட்டிவிட்டேன்.

குட்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. சின்னதாக முனகியது. சட்டென்று பாயின் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே ஓடியது, புளியமரத்தடிக்கு. போய் உட்கார்ந்தது பாருங்கள், எழுந்திருக்கவே இல்லை!

அப்பாடா! சமையற்கட்டுக்கு ஓடி, அதற்கு ஒரு விள்ளல் களி எடுத்து வந்தேன்.

அக்கா வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். "எங்க வூட்டு ஆம்பளைங்ககூட அவ்ளோ தூரம் போவ மாட்டானுங்க" என்றாள். சாமிக்குப் படைத்து முடித்ததும், ஓர் இலையில் சாமைச் சோறு எடுத்துக்கொண்டு அவளே புளியமரத்தடிக்கு நடந்தாள்.

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாம்மா, ஏத்திக்கட்டுமா வாணாமா?" என்றார்.

"ஏத்திக்கங்க பாய், கடுக்கா மூட்டைய!" என்றேன்.

லாரி வாணியம்பாடிப் பக்கம் இறங்கி, சத்தம் ஓயும்வரைக்கும் குட்டியின் கழுத்திலிருந்து நான் கையை எடுக்கவில்லை.