ஆடிக்குப் போனவள்

என் மனைவியை இந்த நாட்டை விட்டு அனுப்பியது அரசாங்கம் அல்ல. நான்தான்.

காரைக்காலில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் விசா சட்டத்தைத் திட்டுவார்கள். அந்தத் திட்டையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நானே! ஊரைச் சிரிக்க வைப்பவன் சொன்னால் ஊர் நம்பிவிடுகிறது. நீங்களாவது நம்பாதீர்கள்.

வதனி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். பிரான்சு நாட்டுக் குடிமகள். பாரீசில் இருக்கும் என் சித்தப்பா மகன் கொண்டுவந்த சம்பந்தம். இருவருக்குமே ஐம்பது கடந்திருந்தது. சித்திரையில் இங்கே பதிவுத் திருமணம். திரும்பிப் போய், மருத்துவமனைச் சமையலறை வேலையை உதறிவிட்டு, மனைவி என்ற முறையில் ஒரு வருட விசா வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். இறங்கியது ஆடி மாதம்.

"ஆடியில எவனாவது புதுப் பொண்டாட்டிய வீட்டுக்கு அழைப்பானாடா? அம்மா வீட்டுக்குல்ல அனுப்புவாங்க!" என்றாள் என் அக்கா.

"இவ அம்மா வீட்டுக்குப் போகணும்னா ஏரோப்ளேன் புடிக்கணும்!" என்றேன். வதனிதான் அதிகம் சிரித்தாள்.

வந்து பதினான்கு நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவை இணையத்தில் செய்ய வேண்டும் என்பது விதி. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு, ஆடியில் எங்கள் வீட்டில் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம், ஆடி கழியட்டும் என்றேன். என்ன சாமர்த்தியம்! உண்மை அதுவா? இல்லை... பயம்.

நெடுங்காட்டில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளன் நான். அமிலப் புட்டியை அலட்சியமாகத் தூக்குவேன். படிவத்தைக் கண்டால் கழிவறையைத் தேடுவேன். திறந்து பார்க்காமல் இல்லை. 'இதற்கு முன் வேறு நாட்டுக் குடியுரிமை உண்டா?' என்று கேட்டிருந்தது. இலங்கை என்று போட்டால் போலீஸ் வீட்டுக்கு வருமோ? வந்தால் என் வேலைக்கு ஆபத்தோ? மூன்று முறை கழிவறைக்கு ஓடினேன். நான்காம் முறை கணினியை மூடிவிட்டே ஓடினேன்!

"இஞ்சருங்கோ, பதிஞ்சாச்சோ?" என்று பதினான்காம் நாளே கேட்டாள் வதனி.

"ஆச்சு. இனிமே நீ காரைக்கால்காரி."

"பகிடி விடாதேங்கோ!" என்று என் கேலிக்குச் சிரித்தாள். அன்று கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த சங்கரா மீனில் குழம்பு வைத்தாள். எப்படித்தான் எனக்கு இறங்கியதோ...

ஆடி கழிந்தது. அப்புறமும் நான் பதியவில்லை. அவள் அப்புறம் கேட்கவும் இல்லை. நம்பியவள் எதற்குக் கேட்பாள்?

பதினோரு மாதம் கழித்து விசாவை நீட்டிக்கப் போனபோது, பதிவே இல்லை என்று அதிகாரி கண்டுபிடித்தார். "யாரு பாத்துக்கறதா இருந்தது?" என்றார்.

ஊரைச் சிரிக்க வைக்கும் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"அவங்களே பண்ணிக்கிறேன்னாங்க சார்."

வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு பாத்திரத்தின் அடியில் ஓட்டை எங்கே என்று தேடுகிறவளைப் போல் பார்த்தாள். பிறகு அவரிடம், "ஓம் சார். என்ர பிழைதான்" என்றாள்.

விளக்கக் கடிதம் கேட்டார்கள். 'விதி தெரிந்தும் நான் பதிவு செய்யவில்லை' என்று அவள் பெயரில் நானே எழுதினேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டாள். நீட்டிப்புக் கிடைக்கவில்லை. ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு பிரான்சுக்கு விமானம் ஏறினாள்.

"ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்!" என்றேன் தெருவில். தெருவே சிரித்தது. ஐப்பசியிலும் அதையே சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். தையில் டீக்கடைக்காரர், "விடுங்கண்ணே..." என்று தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். அந்தப் பழைய கடிதம் குறுக்கே நிற்கிறது. நேற்றுக் காணொளியில் கேட்டாள்: "இஞ்சருங்கோ, தெரிஞ்சும் ஏன் பதியேல்லை எண்டு காரணம் கேக்கினம். நான் என்ன எழுத?"

காரணம்! அதை முன்பே எழுதி வைத்திருக்கிறேன். 'பதிந்துவிட்டதாக அவளிடம் பொய் சொன்னவன் நான்.' என் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆய்வக இழுப்பறையில், லிட்மஸ் தாள்களுக்கு அடியில் கிடக்கிறது. அதை விண்ணப்பத்தோடு சேர்க்க அனுப்பினால் அவளுக்கு விசா கிடைக்கலாம். ஆனால் முதலில் அவள் அதைப் படிப்பாளே! தெரிந்தும் தெரியாததுபோல் விட்டதை என் கையெழுத்திலேயே படித்த பிறகு எதற்கு வருவாள்... யாரிடம் வருவாள்?

"மறந்துட்டேன்னு எழுது. வயசாயிடுச்சுல்ல!" என்றேன்.

பகிடி விடாதேங்கோ என்று அவள் சொல்லவில்லை. "ஓம்" என்றாள். குனிந்து எழுதத் தொடங்கினாள். திரையில் அவள் வகிடு மட்டும் தெரிந்தது. அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை மறுபடியும் ஆடி பிறக்கிறது. தெருவில் இப்போது யாரும் விசாரிப்பதில்லை. நானாகவே டீக்கடைக்குப் போய், "ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொன்னேன்.

சிரித்தவன் நான் ஒருவன்தான்.