ரங்கூன் நோட்டின் இடது பாதி

ஜனவரி இரண்டாம் வாரம் நான்கு நாள் யாங்கோன், அதாவது பழைய ரங்கூன், போய் வந்தேன். பகோடா பார்க்க என்றுதான் கூட வந்த வாணியிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் போனது ஒரு பாதி நோட்டுக்காக.

வாணி என் கல்லூரியில் வேலை பார்ப்பவள். என்னைப் போலவே பழைய நோட்டு சேர்க்கிறாள். நான் பத்து வருடம் தேடுவதை அவளுக்கு யாராவது கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அதனால்தான் மறைத்தேன்.

பிரிட்டிஷ் காலத்தில் ரங்கூனுக்குத் தனி நோட்டு, சென்னைக்குத் தனி நோட்டு. ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியைத் தபாலில் போடுவார்கள். கிடைத்தது என்று பதில் வந்த பிறகே மறு பாதி போகும். இரண்டிலும் ஒரே எண் இருக்கும். காரைக்குடியில் எனக்கு ஒரு பத்து ரூபாய் ரங்கூன் நோட்டின் வலது பாதி கிடைத்தது. வெட்டு நேராக இல்லை, பல் பல்லாக இருந்தது. கூட இருந்த கடிதத்தில் ரங்கூன் குமாஸ்தா ஒருவரின் பெயர். அவருடைய பேத்தி யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் இருப்பதைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று.

இரண்டாம் நாள் காலை 9.10க்கு சூலே பகோடா பக்கமிருந்து டாக்ஸி. எட்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம், பர்மா பணத்தில் பன்னிரண்டாயிரம் சாட். "பழைய குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போகிறேன்" என்றதும் வாணியும் ஏறிக்கொண்டாள்.

அந்தப் பேத்தி ஸ்டெல்லா, ஓய்வுபெற்ற ஆசிரியை. தெருவே அவரை 'சயாமா', அதாவது டீச்சரம்மா, என்றுதான் கூப்பிடுகிறது. தேயிலைச் சாலட் வைத்தார். நான் வயிறு சரியில்லை என்றேன். வாணி இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

"தாத்தா கணக்கு எழுதின செட்டியார் யாரையும் நம்பமாட்டாரு" என்றார் சயாமா. "கத்தரிக்கோலை இடுப்புலயே செருகியிருப்பாரு. எவனும் பொய்ப் பாதி செஞ்சு ஒட்டிடப்படாதுன்னு பல்லு பல்லா வெட்டுவாரு. ஒரு தடவை ஊர்லேருந்து பதில் வந்துச்சு. கையெழுத்து சாஞ்சிருக்கு, இது என் தம்பி போட்டது இல்லேன்னுட்டாரு. மறு பாதி போகவே இல்லே, தாத்தாகிட்டயே தங்கிடுச்சு."

பாமாலைப் புத்தகத்துக்குள்ளிருந்து அந்தப் பாதியை எடுத்தார். என்னிடம் இருப்பதன் எண்ணேதான்.

ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்பது சேகரிப்பவர்களின் பாலபாடம். "பாதி நோட்டுக்கு மதிப்பே கிடையாது சயாமா. வெறும் காகிதம்" என்றேன். அடுத்து, போனால் போகிறது, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல இருந்தேன். அதற்குள் வாணி, "அய்யோ, இந்த வெட்டைப் பாருடி! மனுஷன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாரு!" என்றாள்.

"புடிச்சிருக்கா? நீயே வெச்சுக்கோம்மா. இந்தம்மாதான் காகிதம்னுட்டாங்களே, அவங்களுக்கு எதுக்கு?"

"சயாமா, ஏதாவது விலை..." என்று ஆரம்பித்தேன்.

"யாபாடே, யாபாடே" என்று சிரித்தார். பரவாயில்லை என்று அர்த்தம். எனக்குத்தான் பரவாயில்லை என்று இருக்க முடியவில்லை.

திரும்பும்போது டாக்ஸியில் வாணி அதை மடியிலேயே வைத்திருந்தாள். "மறு பாதி எந்தக் குப்பையில கிடக்கோ!"

"கிடைக்காது" என்றேன், ஜன்னல் பக்கம் திரும்பி. மிச்ச இரண்டு நாளும் பகோடா பார்த்தோம். ஒன்றும் நினைவில்லை.

போகிறவர்களுக்கு: மடிப்பில்லாத புது டாலர் கொண்டுபோங்கள், மற்றதை வாங்க யோசிப்பார்கள். இருட்டுமுன் விடுதிக்குத் திரும்புங்கள். பழம்பொருள் எடுத்துவரும் விதிகளை முன்பே விசாரியுங்கள். சாப்பிடக் கொடுத்தால் சாப்பிடுங்கள்.

வாணி இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பாள். வாணி, வலது பாதி என் மேஜையில் இருக்கிறது. உன்னுடையதை எனக்குக் கொடு. எவ்வளவு வேண்டுமானாலும் விலை சொல். தயவுசெய்து சும்மா மட்டும் கொடுத்துவிடாதே.