தாத்தாவுக்குப் பிரசவம் பார்த்த பிலோமினா அக்கா

ஞாயிறு பூசை முடிந்து கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பிலோமினா அக்காவின் மகன் செல்வம் போன் செய்தான். "அண்ணே, அம்மா போயிட்டாங்க" என்றான். நான், "எங்கே?" என்று கேட்டேன். புத்தி எனக்கு எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும். அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். "அம்மா இருந்திருந்தா இதை நாலு தெருவுக்குச் சொல்லியிருப்பாங்கண்ணே" என்றான்.

சொல்லியிருப்பார். ஜீவனஹள்ளியில் அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் குரலைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. பகலெல்லாம் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். கிறிஸ்துமஸ் வாரத்தில் கேரல் பாட்டுக் குழுவை வீடு வீடாக அழைத்துப்போனதும் அந்தக் குரல்தான்.

என்னைக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆக்கியவரும் அவரே. முதல் வருடம் நான் பாடத்தான் போனேன். இரண்டு வரி கேட்டார். "தம்பி, நீ பாடுனா தொழுவத்துல இருக்கிற மாடே எழுந்து போயிடும். முகமூடியைப் போட்டுக்கிட்டு ஆடு" என்றார். அன்றைக்கு நான் மூங்கில் குச்சி மாதிரி இருப்பேன். சிவப்பு அங்கிக்குள் ஒரு தலையணையை வைத்து, நாடாவால் இறுக்கிக் கட்டுவார். வருடா வருடம் அவர் கையால்தான் எனக்குத் தொப்பை.

நான் சொல்ல வந்தது தொண்ணூற்றொன்றாம் வருட டிசம்பரைப் பற்றி. காவேரித் தண்ணீருக்காகத் தமிழர்கள் மேல் கலவரம் மூண்டு, ஊர் பற்றி எரிந்தது. பீன்யாவில் எங்கள் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டோம். வெளியே தமிழ் பேசாதே என்று என் ஆறு வயது மகள் ஜென்சியிடம் சொல்லிவைத்தோம். எதைச் சொன்னாலும் கேட்காத பிள்ளை, இதை மட்டும் கேட்டுவிட்டாள். வீட்டுக்குள்ளேயும் பேசுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் சைகைதான். நான் குரங்கு மாதிரி ஆடிக் காட்டினேன். குரங்கைப் பார்ப்பது போலக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி மேரி, "பிள்ளை இப்படியே ஆயிடுவா, நம்ம ஊரு வாணியம்பாடிக்கே போயிடலாம்" என்று அழுதபடி டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள்.

ஊர் கொஞ்சம் அடங்கிய சமயத்தில் அக்கா வந்து, கேரலுக்குப் புறப்படச் சொன்னார். குழுவில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

"நாடு இருக்கிற நிலைமைல சிரிப்பும் பாட்டும் எதுக்குக்கா?" என்றேன்.

"ஏசு பொறந்தப்ப நாடு நல்லாவா இருந்துச்சு? ஏரோது ராஜா என்ன, பிள்ளைங்களுக்கு மிட்டாயா குடுத்துட்டிருந்தான்? ராத்திரி பயமா இருந்தா பகல்ல போவோம். மேரி, நீயும் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வா."

மேரி டிரங்குப் பெட்டியைத் திறந்தபடியே விட்டு வந்தாள். மத்தியான வெயிலில் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? முகமூடிக்குள் வேர்வை ஆறாக ஓடியது. நாய்கள் மட்டும் முழுமனதாக வரவேற்றன.

வேறொரு சிக்கலும் இருந்தது. எப்போதும் ஸ்டார் தொங்குகிற வீடு பார்த்துத்தான் நுழைவோம். அந்த வருடம் பயத்தில் யாரும் ஸ்டார் கட்டவில்லை. "எனக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு தெரியும்" என்று அக்கா முன்னால் நடந்தார். இத்தனை வருடம் இருட்டிலேயே வந்து பழகியவருக்கு வெளிச்சத்தில் தெருவே அடையாளம் தெரியவில்லை. ஒரு நீலக் கேட்டைத் திறந்து உள்ளே போய், தமிழில் முழுக்குரலில் பாட்டை எடுத்துவிட்டார். நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

கதவைத் திறந்த அம்மா நமக்குத் தெரிந்தவர் இல்லை. பின்னால் சாப்பாட்டுக் கையோடு திடகாத்திரமான மூன்று ஆண்கள். உள்ளே ரேடியோவில் கன்னடச் செய்தி. பாட்டு பாதியில் நின்றது. நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். நாடா அவிழ்ந்து, தலையணை அங்கிக்குள்ளிருந்து நழுவி என் காலடியில் தொப்பென்று விழுந்தது.

அக்கா தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த அம்மாவிடம் கைகூப்பினார். "தப்பு திளிக்கொள்பேடி அம்மா. தாத்தனிகே ஹெரிகே ஆய்து" என்றார். மன்னிச்சுக்கோங்கம்மா, தாத்தாவுக்குப் பிரசவம் ஆயிடுச்சு!

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பிறகு அந்த மூன்று ஆண்களும். அப்போது பின்னாலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி, பச்சைத் தமிழில் ஒரு குரல் வந்தது: "அப்பா! உன் வயிறு கீழே விழுந்துடுச்சு!"

ஜென்சி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேரி பதறி அவள் வாயைப் பொத்தப் போனாள். அந்த அம்மா கையைப் பிடித்துத் தடுத்து, "பிடி அம்மா, மகு நகலி" என்றார். விடும்மா, குழந்தை சிரிக்கட்டும். அப்புறம் எங்களைப் பார்த்து, "நில்லிஸ்பேடி, ஹாடி" என்றார். நிறுத்தாமல் பாடச் சொல்கிறார். பாடினோம். முகமூடிக்குள் நான் அழுதது யாருக்கும் தெரியாது, வேர்வை காப்பாற்றியது. வீடு திரும்பியதும் மேரி பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஜென்சி தூங்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். வாயை மூடு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து நீலக் கேட்டும் எங்கள் ரவுண்ட்ஸில் சேர்ந்துகொண்டது. இப்போது அக்காவின் அடக்கத்துக்கு அந்த அம்மா கோலூன்றி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஹெரிகே தாத்தா, சென்னாகித்தீரா?" என்று நலம் விசாரித்தார். கல்லறையில் நின்று இருவரும் சிரித்தோம். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்றைக்கு நாடாவை வேண்டுமென்றே தளர்த்திக் கட்டினீர்களா என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "நான் தையல்காரி தம்பி. என் முடிச்சு தானா அவிழுமா?" என்பார். அது ஆமாவா, இல்லையா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இந்த வருடமும் நான்தான் தாத்தா. தலையணைக்கு இப்போது அவசியமில்லை, ஆண்டவர் சொந்தத் தொப்பையே கொடுத்துவிட்டார். இருந்தாலும் அக்காவின் தலையணையை அதன் மேல் வைத்துக் கட்டிக்கொள்வேன். நாடாவை மட்டும் கொஞ்சம் தளர்வாக.