ராசாமணி அக்காவின் ஏழுகல் தோடு

அன்று இருந்தவர்கள்: அக்காவின் மகள்கள் மூன்று பேரும். மூத்தவள் ஜெயா, ஆலங்குளத்திலிருந்து வந்தவள். நடுவுள்ளவள் செல்வி, நர்ஸ். சின்னவள் கனி, கல்யாணம் ஆகாமல் திருத்தங்கல் வீட்டில் அம்மாவோடு இருந்தவள். ஜெயாவின் வீட்டுக்காரர், வாசலில், பைக்கை விட்டு இறங்காமல். அப்புறம் நான். ராசாமணி அக்கா செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். போன மாதம்தான்.

அக்காவின் ஏழுகல் தோடு ஒரு சில்வர் தட்டில் கிடந்தது. சோடிக்குப் பதினாலு சிவப்புக் கல்.

"மூணாப் பிரிச்சுக் குடுங்க மாமா. ஆளுக்கொரு மோதிரம் பண்ணிக்கிடுதோம்" என்றாள் ஜெயா.

பதினாலை மூன்றாகப் பிரித்தால் மிச்சம் வரும். நான் சொல்லவில்லை. நான் கல் பழுது பார்க்கிறவன். எட்டாவதோடு நின்றவனுக்குக் கணக்கு எதற்கு?

தோட்டை எடுத்தேன். கல் பதிக்கிற அரக்கின் வாசனை வந்தது. தோட்டிலிருந்தா என் விரலிலிருந்தா, தெரியவில்லை.

அந்த வாசனைக்கு எனக்குப் பட்டாசுக் கம்பெனி கேட்தான் ஞாபகம் வரும். எதிரே டீக்கடை ஓரத்தில் ஒரு சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பேன். உள்ளே நகை ஆகாது. உரசினால் தீப்பொறி. பெண்கள் காலையில் தோட்டைக் கழற்றித் தீப்பெட்டியில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுப்பார்கள். சாயங்காலம் வாங்கி மாட்டுவார்கள். தினமும் திருகினால் எந்தத் திருகாணி தாங்கும்? திருகாணி தேயும், தோடு விழும், கல் தெறிக்கும். அதில்தான் எனக்குச் சோறு.

அக்கா தோட்டில் முதல் கல் அந்த கேட்டில்தான் தெறித்தது. ஒரு பஸ் லோடு பெண்கள் தரையில் குந்தித் தேடினார்கள். பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"ஏலே தம்பி, நின்னுக்கிட்டு வேடிக்கையா பாக்க? குனிஞ்சு தேடுலே!" என்றாள் அக்கா.

குனிந்தேன். தரை முழுக்கச் சிவப்புத் தாள் துணுக்கு. எதைப் பார்த்தாலும் கல் மாதிரி இருந்தது. கிடைக்கவில்லை. வேறு கல் வைத்துக் கொடுத்தேன்.

இந்தத் தோட்டுக் கல்லைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும். எத்தனையோ பேரிடம் சொல்லி வாய் அலுத்துவிட்டது. அக்கா ஒரு பொங்கலுக்குச் சோப்புத்தூள் போட்டு, வெந்நீரில் ஊறவைத்து, கொண்டுவந்து நீட்டினாள். கல்லுக்கு அடியில் இருந்த மினுக்குத் தகடு கருத்துப் போயிருந்தது. அப்போது என்னிடம் தகடு இல்லை. பட்டாசு லேபிளில் சிவப்பு ஜிகினாவைக் கத்தரித்து வைத்தேன். முதல் தரமாக மின்னியது.

"எங்க கம்பெனி லேபிளை எங் காதுலயே ஒட்டிட்டியாக்கும்? இனி சம்பளத்தைக் கூட்டிக் கேக்கணும்" என்று சிரித்தாள்.

பிறகு வேறு வேலைக்காக வர ஆரம்பித்தாள். ஜெயா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். அவள் கல்யாணக் கம்மலில் கல் உதிர்ந்திருந்தது. அக்கா தன் தோட்டைக் காட்டினாள்.

"இதுல உள்ளதை எடுத்து அதுல வையி தம்பி. மொட்டைக் கம்மலோட போனா மாமியாக்காரி என்ன பேசுவா? எனக்கு எதையாவது வச்சு அடை."

செல்வியின் டாலருக்கும் அப்படித்தான், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. கேட்டேன், பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று.

"சொல்லிராத. சொன்னா கழட்டிக் குடுத்துருவாளுக."

கனிக்காக அவள் வந்ததில்லை. கனிக்கு எதுவும் உடையவில்லை. உடைவதற்கு அவளிடம் நகை இல்லை.

இத்தனை வருசம் சொல்லாமல்தான் இருந்தேன். பிரிக்கச் சொன்னதால் அன்று சொன்னேன். முழுதும் சொன்னேன்.

ஜெயாவுக்குக் கோபம். "அப்ப எங்கம்மா காதுல கெடந்தது அம்புட்டும் நீங்க வச்ச கல்லா?"

"சும்மா இரு அக்கா. மாமா களவாங்கவா செஞ்சாக?" என்றாள் செல்வி. அவள் கை டாலரைப் பிடித்திருந்தது. ஜெயா கையும் காதுக்குப் போனது. வாசலில் பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஜெயா சொன்னாள், "பிரிக்க வேணாம் மாமா. சோடியோட கனியே வச்சுக்கிடட்டும்."

கனி தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"வச்சுக்கிடுதேன். இதுல அம்மாவோட கல்லு இப்ப எம்புட்டு இருக்கு, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க மாமா."

லென்ஸை எடுத்தேன். அது இல்லாமல் இப்போது ஒன்றும் தெரிவதில்லை. நான் வைத்த கல்லெல்லாம் விளிம்பு கூராக, பளிச்சென்று இருந்தது. பழைய கல் மழுங்கியிருக்கும், மேலே கீறல் இருக்கும். ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். சந்தேகத்துக்கு மறுபடியும் ஒரு சுற்று பார்த்தேன்.

இரண்டு.