முள்ளு போட்டவளுக்கு நான் இடிச்ச சுவரு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், என் பேரு எஸ்தர். ஆவுடையார்கோவில்லருந்து மீமிசல் போற ரோட்டுல எங்க ஊரு. சபையில சாட்சி சொல்லும்மான்னு போதகர் ஐயா மூணு வாரமாக் கேட்டுக்கிட்டிருக்காரு. என் சாட்சியில கோவம் ஜாஸ்தி, அதான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிர்றேன்.

போன வருஷம் மாசி மாசம் இருமல் பிடிச்சுச்சு. சளிதானேன்னு மிளகுக் கசாயம் வச்சுக் குடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். நிக்கல. பொழுது சாஞ்சாக் காய்ச்சல் வந்துரும். போடுற ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. ஒருநா காலையில பல்லு வெளக்கையில இருமித் துப்புனா, ரத்தம். பெரியாஸ்பத்திரியில சளி டெஸ்ட்டு, எக்ஸ்ரே எல்லாம் எடுத்துட்டு டி.பி.ன்னு சொன்னாங்க. ஆறு மாசம் மாத்திரை, ஒருநா கூட விடக் கூடாதுன்னாங்க. வீட்டுக்காரரு சவுதியில டிரைவர். மக திருப்பூர்ல இருக்கா, கைப்பிள்ளக்காரி. நீ வராத தாயின்னு நாந்தான் போன்ல சொன்னேன். வீட்டுல நானும் என் இருமலுந்தான்.

இப்ப வசந்தாவைப் பத்திச் சொல்லணும். எதுத்த வீட்டுக்காரி. அவ சாமி வேற, என் சாமி வேற. ஆனா பன்னெண்டு வருஷமா ஒருத்தி வச்ச கொழம்பு ரெண்டு வீட்டுலயும் மணக்கும். என்னை வாய் நிறைய அக்காம்பா. அவ மருமக முழுகாம இருக்கான்னு மொதல்ல ஓடி வந்து என்கிட்டதான் சொன்னா. அப்புடிப் பழக்கம்.

பங்குனியில ஒருநா காலையில கதவைத் தொறந்து வாசலுக்கு வாறேன், தெருவுக்குப் போற வழிய அடைச்சுக் கருவமுள்ளு கிடக்கு. ஆட்டுப்பட்டிக்கு அடைப்பாங்கள்ல, அந்த மாதிரி இடுப்பு உசரத்துக்கு. அங்கிட்டு வசந்தா அருவாளோட நிக்கிறா. அவ பின்னாடி தெருவே நின்னு வேடிக்கை பாக்குது.

"ஆறு மாசத்துக்கு நீங்க வெளிய வராதீங்கக்கா. கொழாயடிக்கும் வராதீங்க. பிள்ள குட்டி இருக்கிற தெரு"ன்னா.

அப்பவும் அக்கான்னுதான் சொன்னா. அதுதாங்க எனக்கு எரிஞ்சுச்சு.

மாத்திரை கொண்டாற ஹெல்த் நர்ஸம்மா மட்டும் ஒரு குச்சியால முள்ளை ஒதுக்கிட்டு உள்ள வருவாங்க. "இந்தம்மா மாத்திரை தின்ன ஆரம்பிச்சாச்சு, சளி டெஸ்ட்டும் பாத்தாச்சு, இனிமே ஒட்டாது"ன்னு தெருவுல நின்னு கத்திச் சொன்னாங்க. கேட்டாங்களா? நர்ஸம்மா வண்டி முக்குத் திரும்புனதும் முள்ளு பழைய இடத்துக்கு வந்துரும். எனக்கு அரிசி, பருப்பு எல்லாம் அந்தப் புண்ணியவதி வண்டியிலதான் வந்துச்சு. கொல்லையில இருக்கிற கைபம்புத் தண்ணி உப்பு. அதைத்தான் குடிச்சேன், அதுலதான் சோறு பொங்குனேன். எதுத்தாப்புல கொழாயில நல்ல தண்ணி கொட்டுறது என் காதுல விழும்.

முள்ளு போட்ட அன்னைக்கு ராத்திரி முழங்கால் போட்டேன். நீங்க பண்ற மாதிரி அழகான ஜெபமெல்லாம் இல்ல. "ஆண்டவரே, என்னைச் சாக விடாதீங்க. நான் செத்தா அவளுக்குக் கொண்டாட்டமாப் போயிரும். என்னை எழுப்பிவிடுங்க. அவ நிக்க நிழல் இல்லாம என் வாசல்ல வந்து நிக்கணும். அவளையும் இந்தத் தெருவையும் என் நிலைப்படிய மிதிக்க விட மாட்டேன். இது உங்களுக்கு நான் பண்ற பொருத்தனை"ன்னு சொன்னேன். பொருத்தனைன்னு நேந்துக்கிட்டா மத்தவங்க காணிக்கை வைப்பாங்க. நான் வஞ்சத்தைக் கொண்டுபோய் வச்சேன்.

காலையில வெறும் வயித்துல மாத்திரை. குமட்டிக்கிட்டு வரும். மாத்திரைச் சாயம் இறங்கி ஒண்ணுக்கு செவப்பாப் போகும். எதுக்கு இந்தப் பாடு, விட்டுத் தொலைப்போம்னு எத்தனையோ நா தோணியிருக்கு. அப்ப வசந்தா பேரைச் சொல்லி ஒரு மாத்திரை முழுங்குவேன். அவ அருவாளை நெனச்சு இன்னொண்ணு. ஒருநா தவறல. "எப்புடிம்மா ஒத்தையில இவ்வளவு கரெக்டா திங்கிறீங்க?"ன்னு நர்ஸம்மா கேட்டாங்க. ஜெபந்தான்னு சொன்னேன். பொய் இல்லையே.

புரட்டாசியில கடைசி டெஸ்ட்டு. சுத்தமா இருக்குன்னுட்டாங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு கத்திக்கிட்டே வந்து, காஞ்சு கிடந்த முள்ளை இழுத்துப் போட்டு வெட்டுனேன். அதை எரிச்சுத்தான் வெந்நி வச்சுத் தலைக்கு ஊத்துனேன். சாயங்காலம் வசந்தா எதுத்தாப்புல வந்து சிரிச்சா. நான் காறித் துப்புனேன். சளி ஒண்ணும் வரல, வெறும் எச்சிதான்.

கார்த்திகையில புயல் அடிச்சுச்சு. காலையில பத்து மணிக்குப் பிடிச்ச காத்து மத்தியானம் வரைக்கும் விடல. எங்க தெருவுல என் வீடு ஒண்ணுதான் காங்கிரீட்டு, கவுருமென்ட்டுத் தொகுப்பு வீடு. மத்ததெல்லாம் கீத்தும் ஷீட்டும். வசந்தா வீட்டு ஷீட்டு பறந்துபோய்க் கண்மாயில விழுந்துச்சு. மழையில ஊறி மண்சுவரு அப்புடியே உக்காந்துருச்சு. ஸ்கூலுக்குப் போகலாம்னா ரோடு பூராம் புளியமரம் சாஞ்சு கிடக்கு. மழையும் விடல.

வந்து நின்னாங்க. என் வாசல்ல. தெருவுல வீடு போனவங்க மொத்தம் பதினோரு பேரு. முன்னாடி வசந்தா. அவ பக்கத்துல நெல்லு மூடுற தார்ப்பாயைத் தலையில பிடிச்சுக்கிட்டு மருமக. தார்ப்பாய்க்குள்ள பிறந்து இருபது நாளான பொம்பளப்பிள்ள.

நான் கதவைத் தொறந்துவச்சுக்கிட்டு நிலையில கைய ஊனி நின்னேன். சந்தோஷமா இருந்துச்சுங்க. கோயில்ல நின்னு பொய் சொல்ல மாட்டேன். கேட்டதை அச்சு மாறாமக் கொடுத்துட்டீரே ஆண்டவரேன்னு கை தட்டலாம் போல இருந்துச்சு. இடம் கேக்க வசந்தாவுக்கு மூஞ்சி ஏது? எந்தப் பிள்ளைக்குப் பயந்து எனக்கு முள்ளு போட்டாளோ, அந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு டி.பி.க்காரி வீட்டுக்கே வந்து நிக்கிறா. நல்லா நில்லுடின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

அப்ப தார்ப்பாய்க்குள்ள பிள்ள இருமுச்சு.

சின்ன இருமல்தான். மழைத்தண்ணி மூக்குல போயிருக்கும். ஆனா இருமல்னா என்னன்னு எனக்குத் தெரியும்ல. உள்ள வாங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், வரல. ஆண்டவருக்குப் பண்ண பொருத்தனை நெஞ்சுல குறுக்க நிக்குது. சொன்னதை மீறவும் பயம். வஞ்சத்தை விடவும் மனசில்ல. பிள்ளைய நனைய விடவும் மனசில்ல. நீரே வழி காட்டும்னு நின்ன நிலையில கேட்டேன். கண்ணு மூலையில சாத்திவச்சிருந்த கடப்பாரையில போய் நின்னுச்சு.

என் வீட்டுக்கு ஒரே வாசல். பின்வாசல் வைக்கல. சன்னலுக்குக் கம்பி இருக்கு. "இருங்கடி"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போய், மேடைக்குப் பக்கத்துல கொல்லைச் சுவத்துல ஓங்கி ஒரு இடி இடிச்சேன். கட்டுன கொத்தன் சிமென்ட்டைக் கண்ணுல காட்டிட்டு மணலாப் போட்டுருந்தான். அவனை நான் வையாத நாளில்ல. அன்னைக்கு அவனை வாழ்த்துனேன். பொலபொலன்னு கொட்டுச்சு. மேல சாமான் வைக்கிற கல்லுச் சிலாப்பு சுவத்துல பதிச்சிருக்கு, அதுக்கு மேல போக முடியல. இடுப்பு உசரத்துக்கு ஒரு ஓட்டை ஆச்சு.

இடிச்சு முடிச்சுட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. இருமல் வரல. மூச்சு வாங்கல. தூசி அம்புட்டும் மூஞ்சியில அடிக்குது, ஒரு செருமல் கூட இல்ல. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு கொடம் தண்ணி தூக்க முடியாத பொம்பள நான். டெஸ்ட்டுச் சீட்டுல சொகமாச்சுன்னு எழுதியிருந்தாங்க, அதை நம்புனது அன்னைக்குத்தான். கடப்பாரையப் பிடிச்சுக்கிட்டு அங்கனயே அழுதேன்.

அப்புறம் சத்தம் கொடுத்தேன். "கொல்லைப்பக்கமாச் சுத்தி வாங்க."

வசந்தா வந்து ஓட்டையப் பாக்குறா, என்னைப் பாக்குறா. "ஏங்க்கா, முன்னாடி வாசல் தொறந்துதானே கிடக்கு?"

"அது ஒனக்கு இல்ல. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். நீ இங்கிட்டுத்தான் வரணும். குனிஞ்சு வா."

மொதல்ல பிள்ளைய நீட்டுனா, வாங்கிக்கிட்டேன். அப்புறம் மருமக வந்தா. அப்புறம் அவ குனிஞ்சு, கைய ஊனித் தவழ்ந்து உள்ள வந்தா. பதினோரு பேரும் அப்புடித்தான். அவ தலை என் காலடிக்கு வந்ததைப் பாக்கையில எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. இதையும் சொல்லாம விடக் கூடாது.

சோறு பொங்கிப் போட்டேன். கொழம்புல உப்பு அளவாத்தான் இருக்கும், என் பேச்சுலதான் மிளகாய். "நல்லா சாப்புடு வசந்தா, டி.பி.க்காரி கை சோறு"ம்பேன். தலையக் குனிஞ்சுக்கிட்டுத் திம்பா. மூணாம் நாள் தாங்க முடியாம அழுதுட்டா. "வயித்துல பிள்ளக்காரி இருக்காளேன்னு பயந்துட்டேங்க்கா. மன்னிச்சுருங்க."

"பயந்தா ஒன் கதவைச் சாத்திருக்கணும்டி. என் வாசலை எதுக்கு அடைச்ச?"ன்னு கேட்டேன்.

தட்டை எடுத்துக்கிட்டுக் கழுவப் போய்ட்டா. மன்னிச்சேன்னு நான் சொல்லல.

ரோடு சரியானதும் ஐயா பாக்க வந்தாரு. வாசக்கதவு விரியத் தொறந்து கிடக்கு, ஜனமெல்லாம் ஓட்டை வழியாப் போய்ட்டு வருது. "ஏம்மா, இது பொருத்தனையா, பிடிவாதமா?"ன்னாரு. "ரெண்டுந்தான் ஐயா"ன்னேன். இந்தா முன்னாடி உக்காந்துருக்காரு, கேட்டுக்கங்க.

நம்ம சபைப் பொம்பளைங்க நீங்கல்லாம் கீத்தும் மூங்கிலும் சேத்து அனுப்புனீங்களே, அதை வச்சு ஒவ்வொரு வீடா நாங்களே எழுப்புனோம். நானும் தலையில கீத்துக்கட்டு சுமந்தேன். வசந்தா வீட்டைக் கடைசியாத்தான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். பழி வாங்குறேனாம்! நஷ்டம் யாருக்கு? மத்தவங்கல்லாம் கெளம்பிப் போன பிறகும் அவ குடும்பம் நாப்பது நாள் என் வீட்டுலயே கிடந்துச்சு. அந்தப் பிள்ளை ராத்திரியெல்லாம் என் மடியிலதான் தூங்கும். கெட்டிக்காரத்தனத்துல என்னை மிஞ்ச ஆளில்ல.

ஓட்டைய நான் அடைக்கல. தகரத்துல ஒரு கதவு செஞ்சு போட்டேன். சித்திரையில ஒரு குடிசை தீப்பிடிச்சு ஒரு தாயும் மகளும் வந்தாங்க. மகன் வெளிய தள்ளுன ஒரு கெழவர் பத்து நாள் இருந்தாரு. அவங்க மேல எனக்கு வஞ்சம் இல்ல, முன்வாசல்லயே கூப்புட்டேன். வசந்தா மட்டும் வீடு கட்டிப் போன பிறகும் தகரக் கதவு வழியாத்தான் வருவா, குனிஞ்சுதான் வருவா. முன்வாசல் வழியா வரட்டுமான்னு ஒருநா கூடக் கேக்கல, வான்னு நானும் சொல்லல.

இந்த ஆடியில ஒரு சாயங்காலம். நான் அடுப்படியில இருக்கேன். வசந்தா என் வாசல்ல உக்காந்து எனக்கு விதைக்கடலை உடைச்சுக்கிட்டிருக்கா, நிலைப்படிக்கு மூணடி தள்ளி. பிள்ள அவ பக்கத்துல தவழுது. திடீர்னு, "படி தாண்டிருச்சு! எங்காத்தா படி தாண்டிருச்சு!"ன்னு வசந்தா சத்தம். உடனே சத்தம் அடங்கிப்போச்சு.

ஓடியாந்து பாத்தா, பிள்ள என் நிலைப்படியில ஏறி இந்தப் பக்கம் விழுந்து, என்னைப் பாத்துச் சிரிக்குது. எங்க பக்கம் பிள்ள மொதமொதல்ல நிலைப்படி தாண்டுனா அந்த வீட்டுல கொழுக்கட்டை அவிச்சுத் தெருவுக்கே கொடுப்பாங்க. பெத்தவங்களுக்கு அது திருநாள். வசந்தா வாயப் பொத்திக்கிட்டு வெளிய நிக்கிறா. மொகம் வெளுத்துப்போச்சு. "தெரியாம வந்துருச்சுக்கா. கோவிச்சுக்காதீங்க. வாடி ஆத்தா, இங்கிட்டு வா, வெளிய வந்துரு"ன்னு பிள்ளையக் கெஞ்சுறா.

ஒம்பது மாசப் பிள்ள மொதல் படி தாண்டுனதுக்கு என்கிட்ட மன்னிப்புக் கேக்குறா ஒருத்தி. எம்புட்டுப் பெரிய பழிய வாங்கிட்டேன் நான்னு அன்னைக்குத் தெரிஞ்சுச்சு.

"ஆண்டவரே, நான் விடல, பிள்ளைய வச்சு நீரே மீறிட்டீரு"ன்னு சொல்லிட்டு அரிசி மாவை எடுத்தேன். "வசந்தா, கொழுக்கட்டை பிடிக்க ஆளு வேணும். வா."

அவ தகரக் கதவுப் பக்கமாப் போகத் திரும்புனா. "எங்கிட்டுடி போற? பிள்ள வந்த வழியா வா"ன்னேன்.

வந்தா. நானும் அவளும் அழுதுக்கிட்டே கொழுக்கட்டை பிடிச்சோம்.

கோவத்தோட ஜெபம் பண்ணாதீங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நோய்ல கிடக்கிறவங்க, நாதியத்துக் கிடக்கிறவங்க, ஒங்க வஞ்சத்தையும் தூக்கிக்கிட்டு அவர்கிட்டயே போங்க. என்னை எழுப்புனவரு ஒங்களையும் எழுப்புவாரு. வஞ்சத்தை என்ன பண்ணணும்னு அவருக்குத் தெரியும்.

எனக்கு ஒரு ஜெப விண்ணப்பம் இருக்கு. என் முன்வாசல் நிலை ஆறடிக்கு மேல. வசந்தா இப்பத் தெனமும் அது வழியாத்தான் வாரா. ஆனா இன்னும் குனிஞ்சுதான் வாரா. அவ நிமிந்து வாற வரைக்கும் எனக்காக ஜெபம் பண்ணிக்கங்க.