மேஸ்திரி கட்டிலை விட்டு இறங்கிய காரணம்

மேஸ்திரி என்றதும் கட்டடம் கட்டுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். முதலாளி முதல் வாசல் காவலாளி வரை எல்லாரையும் அதட்டுவதால் வந்த பட்டப்பெயர். பிறவியிலேயே புத்தி நிதானமாகத்தான் வேலை செய்யும். நாக்கு அதற்காகக் காத்திருக்காது. அவள் மடித்த விரிப்பின் ஓரத்தில் பழம் நறுக்கலாம், அவ்வளவு கூர்.

கொஞ்ச காலமாகப் பக்கத்தில் வந்தவர்களையெல்லாம் முழங்கையால் இடித்துத் தள்ளினாள். "அவ குணமே அப்படித்தான்" என்று ஒதுங்கினார்கள். தம்பி பெண்டாட்டி தையல்காரி. மேஸ்திரிக்குச் சட்டை அளவெடுக்கும்போது அவள் விரலில்தான் மார்புக் கட்டி தட்டுப்பட்டது. குணமாவது மண்ணாவது, வலி.

கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. அடுத்து கதிர்வீச்சு. கட்டிலில் படுக்க வைத்துவிட்டு ஆட்கள் வெளியே நகர்ந்ததும் மேஸ்திரி இறங்கி அவர்கள் பின்னாலேயே வந்துவிட்டாள். மறுபடியும் படுக்க வைத்தார்கள். மறுபடியும் வந்தாள்.

டாக்டர் தையல்காரியிடம் சொன்னார்: "இவங்க ஒத்துழைக்க மாட்டாங்கம்மா. மாத்திரையோட நிறுத்திக்கலாம்."

"நிறுத்தினா திரும்ப வராதா?"

"வர வாய்ப்பு அதிகம்தான்."

"உங்க அக்கான்னா நிறுத்துவீங்களா?"

டாக்டர் மாத்திரைச் சீட்டை எடுத்தார். தையல்காரி மேஸ்திரி பக்கம் திரும்பி, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"ஏன் அண்ணி இறங்கினீங்க?"

"மெஷினைப் போட்டுட்டு எல்லாரும் ஓடுறாங்க. ஓடுற மெஷினை விட்டு ஆள் நகரக் கூடாது. எங்க முதலாளியா இருந்தா வேலையை விட்டே தூக்கிடுவாரு."

"டாக்டர், படுத்திருக்கிறவங்களை வெளியே இருந்து திரையில பார்க்கிறாங்கல்ல, அதை இவங்களுக்குக் காட்டுங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்லம்மா."

"எங்களுக்கு நிறைய இருக்கு. இங்கேயே உட்கார்ந்திருக்கோம்." தையல் மெஷினை மீறிப் பேசிப் பழகிய குரல், மூன்று தெரு தள்ளிக் காயும் துணி ஆடியிருக்கும். மேஸ்திரியும் நாற்காலியை இழுத்து, வாசலை அடைத்துப் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் மெஷின் ஓட்டுகிறவர் வந்து மேஸ்திரியைத் திரை இருக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். மெஷினை ஓடவிடாமல், தையல்காரி கட்டிலில் படுத்துக் காட்டினாள். மேஸ்திரி திரையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாயை மூடிட்டுக் கிடக்கிறா, பாரு. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டணும்."

சிரித்து முடித்ததும் மெஷின்காரரிடம் விரலை நீட்டினாள். "நீ இங்கேயே பார்த்துட்டு இருக்கணும். டீ குடிக்கப் போகக் கூடாது."

"போகலைக்கா."

அன்று படுத்தவள் சிலைபோலக் கிடந்தாள். மறுநாளும் அப்படியே.

சில வாரம் கழித்து டாக்டர் வழக்கம்போலத் தையல்காரியைப் பார்த்து, "அவங்களுக்குத் தோல் எரியுதான்னு கேளுங்க" என்றார். தையல்காரி கூரையைப் பார்த்தாள்.

"தோல் என்னுது" என்றாள் மேஸ்திரி. "என்கிட்ட கேளு."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "எரியுதாம்மா?"

"எரியுது. மருந்து குடு. நாளைக்கும் வருவேன்."